ரோஜர் கிளெமென்ஸ் செய்தது தலைக்கனமா, இல்லையா?

கடைசிவரிசை:
பாஸ்டன் ரெட் சாக்ஸ் பேஸ்பால் அணிக்காக 13 சீசன் ஆடி 192 வெற்றி எடுத்த பிட்சர் (பந்து வீசுபவர்) ரோஜர் கிளெமென்ஸ், 1996 டிசம்பரில் டொராண்டோ புளூ ஜேஸுக்குப் போய்விட்டார். மூன்று வருடத்துக்கு 24.75 மில்லியன் டாலர். வயது 34. முந்தைய நான்கு சீசனில் 40 வெற்றி, 39 தோல்வி. பாஸ்டன் பொது மேலாளர் டான் டுகெட், ஆளுக்கு அந்திப்பொழுது வந்துவிட்டது என்கிற மாதிரிப் பேசினார். அதில் என்ன தப்பு? பணமும் தலைக்கனமும்தான் இவரை நகர்த்தியது.

கணக்குப்புலி:
வெற்றி தோல்வியை வைத்தா பிட்சரை எடை போடுவது? சொந்த அணி ரன் எடுக்காவிட்டால் அவர் என்ன செய்வார்? அதே 1996-ல் 257 ஸ்ட்ரைக்அவுட் (பேட்டரைப் பிட்சர் தன் வீச்சாலேயே அவுட்டாக்குவது), பாஸ்டன் ஆடும் அமெரிக்கன் லீக்கில் முதலிடம். செப்டம்பரில் டெட்ராய்ட்டில் ஒரே ஆட்டத்தில் 20. ஒரு ஆட்டத்தில் ஓர் அணிக்கு மொத்தமே 27 அவுட்தானே! அந்திப்பொழுதாம்.

டொராண்டோக்காரன்:
அடுத்த வருடம் ஜூலை 12-ம் தேதி அவர் பாஸ்டனின் ஃபென்வே பார்க் மைதானத்துக்குத் திரும்பி வந்த ஆட்டத்தை மறக்க முடியுமா? முதலில் கூச்சல் போட்டு விரட்டிய கூட்டம். எட்டு இன்னிங்ஸ், 16 ஸ்ட்ரைக்அவுட். முடித்துவிட்டு உள்ளே போகும்போது தலையை நிமிர்த்தி, நிர்வாகிகள் உட்காரும் மாடத்தை ஒரு முறை முறைத்தார் பாருங்கள்! 1997, 1998 இரண்டு வருடமும் லீக்கின் சிறந்த பிட்சருக்கான சை யங் விருது அவருக்குத்தான்.

கடைசிவரிசை:
அந்த முறைப்பைத்தான் நான் தலைக்கனம் என்கிறேன். சரி, பாஸ்டன் அவமானப்படுத்தியது என்றே வைத்துக்கொள்வோம். டொராண்டோ என்ன பாவம் செய்தது? அந்த அணி ஆட்டக்காரர் கார்லோஸ் டெல்காடோ இவருக்காகத் தன் 21-ம் எண் சட்டையையே விட்டுக்கொடுத்தார். (பதிலுக்கு ஒரு ரோலக்ஸ் வந்தது, அது வேறு கதை.) ஒப்பந்தத்தில் இன்னும் ஒரு வருடம் பாக்கி இருக்கும்போதே, 1998 முடிந்ததும் 'என்னை வேறு அணிக்கு டிரேட் செய்யுங்கள்' என்று நின்றார்.

கணக்குப்புலி:
அணி கோப்பைக்குப் போட்டி போடும் நிலையில் இல்லையென்றால் விடுவிப்போம் என்று வாய்மொழி உறுதி இருந்ததாக அப்போதே செய்தி வந்தது. அப்புறம், 1999 பிப்ரவரியில் நியூயார்க் யாங்கீஸ் அவருக்கு ஈடாக யார் யாரைக் கொடுத்தது? ஹோமர் புஷ், கிரேம் லாயிட், டேவிட் வெல்ஸ். வெல்ஸ் முந்தைய மே மாதம்தான் பெர்ஃபெக்ட் கேம் (எதிரணியில் ஒருவரைக்கூட முதல் தளத்தை எட்டவிடாத ஆட்டம்) வீசியவர், சீசனில் 18 வெற்றி, 4 தோல்வி, கையில் உலகத் தொடர் கோப்பை. பயிற்சி முகாம் தொடங்குகிற நேரத்தில் மூட்டையைக் கட்டச் சொல்லிவிட்டார்கள். ஆட்டக்காரர் போகிறேன் என்றால் திமிர், அணி தூக்கிப் போட்டால் வியாபாரமா?

டொராண்டோக்காரன்:
இதுதான் சரியான கேள்வி. எங்களுக்கு வந்த வெல்ஸ் 2000-ல் 20 வெற்றி எடுத்தார், அதனால் எனக்குப் பெரிய வருத்தமில்லை.

கடைசிவரிசை:
வெல்ஸ் விஷயம் நியாயம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பாஸ்டனை விட்டவர் கடைசியில் போய்ச் சேர, பாஸ்டனின் பரம எதிரியான யாங்கீஸ்தானா கிடைத்தது?