படத்தில் இரண்டு பெண்கள் தங்களுக்குள் கதைக்கிறார்களா?

கோண்டாவில் ரசிகை:
நேற்று யாழ்ப்பாணத்தில் ஒரு பெரிய நாயகர் படம் பார்த்தேன். நாயகிக்கு மூன்று பாட்டு, அப்புறம் கடத்தல், பிறகு கலியாணம். அவளும் அவளுடைய அம்மாவும் ஒரே வீட்டில் இருந்தும், வாய் திறந்தால் அவனைப் பற்றிய கதைதான். 1985இல் அலிசன் பெக்டல் என்ற அமெரிக்கச் சித்திரக்காரி தன் படக்கதையில் வைத்த அளவுகோல் இதுதான்: இரண்டு பெண்களாவது வேண்டும், தங்களுக்குள் கதைக்க வேண்டும், அது ஓர் ஆணைப் பற்றியதாக இருக்கக்கூடாது. இது கூடவா பெரிய ஆசை?

பண்ணைக்காத்து:
அக்கா, அளவுகோல் வைத்துக்கொண்டு படம் எடுக்க ஏலாது. முதல் நாள் தியேட்டரை நிரப்புவது பெடியள்தான், காசு போடுகிறவர் அவர்களைத்தானே பார்ப்பார். 2017இல் 'அறம்' வந்தது, நயன்தாரா கலெக்டர், சனம் பார்த்தது. கதை நன்றாக இருந்தால் ஓடும்.

கோண்டாவில் ரசிகை:
தம்பி, அந்த ஒன்றையே எத்தனை வருசம் சொல்லப் போகிறீர்கள்? முதல் நாள் பெண்கள் ஏன் வருவதில்லை என்று யோசித்தீர்களா? இரவுக் காட்சி முடிந்தால் கோண்டாவிலுக்கு எனக்கு பஸ் இல்லை. ஜோதிகாவைப் பாருங்கள், 2006இல் கலியாணம், அடுத்த வருசத்தோடு நடிப்பை விட்டவர் 2015இல்தான் '36 வயதினிலே'யில் திரும்பினார், சூர்யா அந்த இடைவெளி முழுக்க நடித்துக்கொண்டே இருந்தார். அதன் மலையாள மூலத்தில் 2014இல் நடித்த மஞ்சு வாரியரும் கலியாணத்துக்குப் பிறகு ஏறக்குறைய 15 வருசம் நடிக்காமல் இருந்தவர். வீட்டோடு முடங்கிய பெண் எழும் கதை, அதில் நடித்தவர்களும் அப்படியே. எனக்கு நெஞ்சு கனத்தது.

சுன்னாகம் ரீச்சர்:
டி. பி. ராஜலட்சுமி 1931இல் முதல் தமிழ்ப் பேசும் படத்தின் நாயகி, 1936இல் 'மிஸ் கமலா'வை அவரே இயக்கினார். அப்போதே ஒரு பெண்ணால் முடிந்தது, பண்ணைக்காத்து! போருக்குப் பிறகு எங்கள் பக்கத்தில் எத்தனை பெண் தலைமைத்துவக் குடும்பங்கள். கடன் கட்டி, தோட்டம் செய்து, பிள்ளைகளைப் படிப்பிக்கிற அந்தப் பெண்களில் ஒருத்தியையாவது பெரிய படம் ஒன்றில் நான் காணவில்லை. பெரும்பாலும் தாய் என்றால் அழ வேண்டும், இல்லையென்றால் சாக வேண்டும்.

பண்ணைக்காத்து:
பஸ் விசயம் நான் யோசிக்கவே இல்லை, சரி. என் அம்மாவும் தியேட்டருக்குப் போய்க் கனகாலம். ஆனாலும் எழுதுகிறவரைக் கட்டாயப்படுத்தினால் வருவது பிரசாரப் படம்தான், அதில் நான் மாறமாட்டேன்.

கோண்டாவில் ரசிகை:
கட்டாயம் வேண்டாம். எழுதுகிற அறையில் இரண்டு பெண்களை இருத்தட்டும், அம்மாவும் மகளும் என்ன கதைப்பார்கள் என்று அவர்களுக்குத் தெரியும்.