நாற்பத்து மூன்று மிஸ்டு கால்

காசிமேடு தையல்காரி:

கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். அக்கம்பக்கத்தில் யாரிடமும் இதைச் சொன்னதில்லை.

வீட்டிலேயே மிஷின் போட்டுத் தைக்கிறேன். போன மீன்பிடித் தடைக்காலத்தில் ஒரு நாள் பக்கத்துத் தெருப் பெண் சுடிதார் துணியோடு வந்தாள். பிளஸ் ஒன் படிக்கிற பிள்ளை. "கை முழுசா வெச்சிடுங்க ஆன்ட்டி" என்றாள். மே மாத வெயிலில் யார் முழுக்கை கேட்பார்கள்? அளவெடுக்கக் கையைத் தூக்கச் சொன்னேன். முழங்கைக்கு மேலே நான்கு விரலும் பதிந்து கன்றிப்போய், ஓரமெல்லாம் மஞ்சளாகியிருந்தது. "யாரும்மா?" என்றேன். அவள் சுவரில் மாட்டியிருந்த என் பையனின் போட்டோவைப் பார்த்தாள்.

துணி ஒரு சாக்கு, அவ்வளவுதான். போனை எடுத்துக் காட்டினாள். ஒரே ராத்திரியில் 43 மிஸ்டு கால். நடுநடுவே மெசேஜ். "யார் கூட கால் வெயிட்டிங்?", "லொகேஷன் போடு", கடைசியில் "எடுக்கலன்னா கைய அறுத்துக்குவேன்".

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். 'இவள் என்ன செய்தாளோ' என்பதுதான் எனக்கு முதலில் தோன்றியது. கேட்க வாய்வரை வந்துவிட்டது. அந்த விரல் தடத்தைத் திரும்பப் பார்த்ததால் கேட்காமல் விட்டேன்.

வீட்டுக்காரர் லாஞ்சுக்குப் போகிறவர். மற்ற நாளில் கடல், கரைக்கு வந்தால் தூக்கம். ஏப்ரல் 15 தொடங்கி 61 நாள் தடைக்காலத்தில்தான் பையன் அப்பா முகத்தை முழுதாகப் பார்ப்பான். விஷயம் தெரிந்ததும் பெல்ட்டைக் கழற்றினார். நான் குறுக்கே போய் நின்றேன். அப்போது பையன் கேட்டான், "நீ அம்மா மேல தட்டத் தூக்கி அடிச்சியே, அன்னிக்கு உன்ன யார் அடிச்சாங்க?"

அது மூன்று வருஷத்துக்கு முந்தைய கதை. என் போனில் கால் வெயிட்டிங் வந்ததற்காகப் பறந்த தட்டு. பையன் தூங்கிவிட்டான் என்றுதான் நினைத்திருந்தோம். பத்துக்குப் பத்து வீட்டில் எதை மறைப்பது?

பெல்ட் கையிலேயே இருந்தது, பேச்சு வரவில்லை. மறுநாள் காலையில், கிழிந்த வலையைச் சரி பார்க்கணும் என்று சொல்லி அவனையும் துறைமுகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். பொழுது சாய்கிறவரை இரண்டு பேரும் வலை மேல் உட்கார்ந்திருந்ததாகப் பார்த்தவர்கள் சொன்னார்கள். என்ன பேசினார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ராத்திரி சோறு போடும்போது தலையை நிமிர்த்தாமல், "அந்தத் தட்டு மேட்டரு... தப்புதான்" என்றார். அவ்வளவுதான். பதினெட்டு வருஷத்தில் அதுதான் முதல் தடவை. பையன் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அப்புறம் அவளிடம் நேரில் போய் சாரி கேட்கிறேன் என்று குதித்தான். வேண்டாம், அதுவும் பின்னால் போவதுதான் என்று நிறுத்தினேன். நம்பரை அவன் கையாலேயே அழிக்கச் சொன்னோம். அடுத்த நாலைந்து ராத்திரி பிளேடு, கத்திரி எல்லாவற்றையும் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்காமல் கிடந்தேன். மனநல உதவி எண் 14416-க்கு போன் போட்டது அப்போதுதான். இலவசம், ராத்திரியிலும் எடுக்கிறார்கள், தமிழிலேயே பேசினார்கள். முதலில் நான் பேசினேன். மூன்றாம் நாள் அவனே போனை வாங்கிக்கொண்டான்.

வியாசர்பாடி கோச்:

அக்கா, அப்பா வாயிலிருந்து அந்த ஒரு வார்த்தை வர எத்தனை பாடு என்று எனக்குத் தெரியும். நான் பசங்களுக்கு ஃபுட்பால் சொல்லித் தருகிறேன். மும்பையில் கிரிக்கெட் கோச்சுகளை வைத்தே 'பரிவர்த்தன்' என்று ஒரு திட்டம் நடத்தினார்கள். பெண்களை மதிப்பது பற்றிக் கோச்சே பையன்களிடம் பேசுவது. அமெரிக்காவில் பள்ளி விளையாட்டுக் கோச்சுகளை வைத்துச் செய்ததைப் பார்த்து எடுத்துக்கொண்டது. அதைக் கேள்விப்பட்டு நானும் ஆரம்பித்தேன். முதல் நாள் "ஆளு போன எடுக்கலன்னா இன்னா பண்ணுவ?" என்று கேட்டேன். ஒரே சிரிப்பு. "வீட்டாண்ட போய் நிப்பேன் சார்" என்றான் ஒருவன். கை தட்டினார்கள். அதைக் கெத்து என்று நினைக்கிறார்கள், அங்கேதான் சிக்கல். சட்டம் அதைப் பின்தொடர்தல் என்கிறது, போனில் விரட்டுவதும் அதில் சேர்த்தி.

பெற்றோரைக் கூப்பிட்டபோது அம்மாக்கள் வந்தார்கள், ஒரு தாத்தா வந்தார். அப்பா ஒருத்தர்கூட வரவில்லை. கோச் வாரத்துக்கு மூன்று நாள் பேசலாம், மிச்ச நேரமெல்லாம் பையன் வீட்டில்தானே இருக்கிறான்.

திருவொற்றியூர் தம்பி:

நானும் அப்படி இருந்தவன்தான். நான் லவ் பண்ணின பெண்ணிடம் இன்ஸ்டா பாஸ்வேர்டு கேட்டுத் தொல்லை கொடுத்துக்கொண்டிருந்தேன், அது பாசம் என்று நினைப்பு. எங்க அக்கா ஒரு நாள் கையை நீட்டி, "உன் போன் குடு, லாக்க எடு" என்றாள். "நீ யாரு கேக்க?" என்று எகிறினேன். "அதான்டா, நீ யாரு கேக்க?" என்றாள். இரண்டு நாள் அவளிடம் பேசவில்லை. அப்பா அடித்திருந்தால் கூட மறந்திருப்பேன்.

கொருக்குப்பேட்டை ஆயா:

அந்தப் பொண்ணோட வீட்டுக்குத் தெரியுமா? போலீஸ், கேஸ் என்று போயிருந்தால் பையன் கதி என்ன?

காசிமேடு தையல்காரி:

ஆயா, அந்தப் பயம் எனக்கும் இருந்தது. 18 வயதுக்குக் கீழே என்றால் சிறார் நீதிக் குழுமத்துக்குத்தான் அனுப்புவார்கள் என்று தெரிந்த வக்கீல் ஒருவர் சொன்னார். ஆனால் போவதும் போகாததும் அந்தப் பெண் வீட்டார் இஷ்டம், நான் போகாதே என்று சொல்ல முடியாது. குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அவளுக்கு எழுதிக் கொடுத்தேன். அம்மாவிடம் சொல்லிவிடு, நானும் கூட வருகிறேன் என்றேன். நானே சொல்லிக்கிறேன் ஆன்ட்டி என்றாள்.

சுடிதாரை வாங்க அவள் வரவில்லை, அவள் அம்மாதான் வந்தார். கூலி வேண்டாம் என்றேன். பணத்தை மிஷின் மேல் வைத்துவிட்டு, என்னை ஏறிட்டும் பார்க்காமல் போய்விட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. இப்போது ஐந்து வீடு தள்ளி வேறு ஒரு தையல்காரியிடம் கொடுக்கிறார்கள்.