கரன்ட் லிமிட்டருக்குத் தமிழ்: வரம்பியா, மட்டுப்படுத்தியா, மதகா?

அன்புள்ள குழுவினருக்கு,

பாலிடெக்னிக் மாணவர்களுக்கான ட்ரோன் பட்டறைக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. எல்லாம் முடிந்து ஒரு சொல்லில் முட்டிக்கொண்டு நிற்கிறேன். புதிதாகச் சால்டரிங் செய்த போர்டில் லைப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரியை நேரடியாகச் சொருகக் கூடாது. எங்காவது ஈயம் வழிந்து ஷார்ட் ஆகியிருந்தால் அது நூறு ஆம்பியருக்கு மேலும் தள்ளும், மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் இ.எஸ்.சி. கருகிப் புகை வந்த பிறகுதான் நமக்கே தெரியும். அதனால் பிளஸ் ஒயரின் நடுவில் ஒரு கார் இண்டிகேட்டர் பல்பு, 12 வோல்ட் 21 வாட், இரண்டு முனையிலும் எக்ஸ்.டி.60 கனெக்டர், அவ்வளவுதான் கருவி. போர்டு சரியாக இருந்தால் மின்தேக்கி நிரம்பும் நேரம் மட்டும் பல்பு மினுக்கென்று எரிந்து அணையும். ஷார்ட் என்றால் பளிச்சென்று எரிந்துகொண்டே இருக்கும். 3 செல் பேட்டரியில், பல்பின் இழை சூடேறியதும் ஓட்டம் இரண்டு ஆம்பியருக்குள் நின்றுவிடும். ‘மின்னோட்ட வரம்பி’ என்று எழுதி வைத்திருக்கிறேன். சரிதானா?

— கடலூர்

> மின்னோட்ட வரம்பி

ஐயா, வரம்பி எனக்கு ஒப்பவில்லை. உருகு உருகியானது, கடத்து கடத்தியானது, தேக்கு தேக்கியானது. எல்லாம் வினையோடு சேர்ந்த இகரம், செய்வதைக் குறிக்கும். பெயரோடு சேர்ந்தால் நாற்காலி, முக்காலி மாதிரி ‘அதை உடையது’ என்றுதான் பொருள். வரம்பி என்றால் வரம்பு உடையது, வரம்பு கட்டுவது அல்ல. ‘மட்டுப்படுத்தி’ என்று போடுங்கள், வினையிலிருந்து நேராக வருகிறது. மட்டு என்பதற்குப் பழந்தமிழில் தேன், கள் என்றும் பொருள் உண்டு. அளந்து ஊற்றியதால் அளவுக்கு அந்தப் பெயர் வந்ததா, இரண்டும் வேறு வேறு சொல்லா என்று நெடுநாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன், அதைத் தனி இழையில் எழுதுகிறேன்.

— புதுச்சேரி

மட்டுப்படுத்தி சரி, ஆனால் படத்தில் அம்புக்குறி போட்டு எழுத இடம் போதாது. ‘மின்மட்டி’ என்று சுருக்கலாமே?

— நெய்வேலி

வேண்டாம் ஐயா. எங்கள் பரங்கிப்பேட்டைப் பக்கம் மட்டி என்றால் ஆற்றுமுகத்தில் அள்ளும் சிப்பி. மற்ற ஊரில் அது வசைச்சொல். வகுப்பில் ஒரு பிள்ளையும் பாடத்தைக் கவனிக்காது.

— பரங்கிப்பேட்டை

நீரோட்டத்தை அளந்துவிட நம்மிடம் சொல் இல்லாமலா போயிற்று? வீராணத்தில் மதகு இருக்கிறது, பாகூர் ஏரியிலும் இருக்கிறது. ஏரி நிறைந்திருந்தாலும் வாய்க்கால் தாங்கும் அளவுதான் மதகு விடும். ‘மின்மதகு’ என்றால் விவசாயி வீட்டுப் பிள்ளைக்கு விளக்கமே வேண்டாம்.

— பாகூர்

பாகூர் ஐயாவின் சொல் அழகு, ஆனால் மதகின் பலகையை ஆள் நின்று இறக்க வேண்டும். இங்கே யாரும் இறக்குவதில்லை. டங்ஸ்டன் இழை சூடாக ஆக அதன் தடை பத்து மடங்குக்கு மேல் ஏறி, தானே அடைத்துக்கொள்கிறது. (எல்.இ.டி. பல்பு போட்டால் இந்த வேலை நடக்காது, கையேட்டில் இதைக் கட்டாயம் சேருங்கள்.) யாரோ தனிமடலில் ‘கலிங்கு’ என்றார்கள். கலிங்கு மிகுதியை வெளியே வழியவிடுவது, அது பக்க இணைப்பில் ஜீனர் டையோடு செய்யும் வேலை. நம்முடையது தொடரிணைப்பு. இரண்டையும் குழப்பினால் மாணவன் பல்பைப் பிளஸுக்கும் மைனஸுக்கும் குறுக்கே வைத்துவிடுவான், அப்புறம் போர்டுக்கு ஒரு பாதுகாப்பும் இல்லை.

— நெய்வேலி

நான் ஒயரிங் வேலை சொல்லிக்கொடுப்பவன். மிக்ஸி, அயர்ன்பாக்ஸ் சோதிக்க எலக்ட்ரீஷியன்கள் பலகையில் மாட்டி வைத்திருப்பதும் இதே சங்கதிதான், அதற்கு ‘சீரிஸ் பல்பு’ என்று பெயர். கேட்டவுடன் எப்படிக் கட்டுவது என்றே தெரிந்துவிடுகிறது. தூய்மைக்காகத் ‘தொடர்விளக்கு’ என்று மாற்றாதீர்கள், திருவிழாவில் கட்டும் சீரியல் செட் என்று நினைப்பார்கள்.

— பண்ருட்டி

> சீரிஸ் பல்பு

பல்புக்குப் பதில் தானே மீளும் உருகி வைத்துச் செய்தால்? அதில் பல்பே கிடையாதே. கருவி மாறினாலும் நிற்கிற பெயர் வேண்டாமா?

— புதுச்சேரி

நண்பர்களே, நேரமில்லை. பெரும்பாலோர் சொன்னபடி ‘மின்னோட்ட மட்டுப்படுத்தி’ என்று தலைப்பில் போடுகிறேன், முதல் வரியில் ‘எலக்ட்ரீஷியன்கள் சீரிஸ் பல்பு என்பார்கள்’ என்று சேர்க்கிறேன். ‘புகைத்தடுப்பான்’ என்றும் இருவர் எழுதினார்கள். புகையே வராது என்று அது வாக்குக் கொடுத்துவிடுகிறது. ஒன்றே முக்கால் ஆம்பியரிலும் போர்டில் உள்ள ஒரு சின்ன வோல்டேஜ் ரெகுலேட்டர் கருகத்தான் செய்யும். அதனால் தவிர்த்தேன். 4 செல் பேட்டரி முழுச் சார்ஜில் 16.8 வோல்ட், அதற்கு இரண்டு பல்பைத் தொடராகவோ லாரியின் 24 வோல்ட் பல்பையோ போடச் சொல்லியிருக்கிறேன். இதை மாட்டிக்கொண்டு மோட்டாரை ஓட்டக் கூடாது, இறக்கைகளைக் கழற்றிவிட்டே சோதிக்க வேண்டும் என்பதைத் தடித்த எழுத்தில் போட்டாயிற்று.

— கடலூர்

அச்சுக்கு அனுப்புங்கள் தம்பி, தடுக்கவில்லை. ஆனால் மட்டுப்படுத்தி அலுவலகத் தமிழ். என் வகுப்பில் மின்மதகு என்றுதான் சொல்வேன். தானே இறங்கும் மதகு என்று ஒரு வார்த்தை சேர்த்தால் நெய்வேலிக்காரரின் மறுப்பும் தீர்ந்தது.

— பாகூர்