நூல் பிசிறிலும் வெட்டுத்துணியிலும் சுவர்ப்படம்: செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்

மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடி ஜாடி வைத்திருக்கிறேன். வெட்டிப் போடும் நூல் முனையெல்லாம் அதற்குள்தான் போகும். ஜாடி நிறைந்ததும் அதை வைத்து ஒரு சுவர்ப்படம் தைத்தேன். முதல் தடவை மொத்தமாகச் சொதப்பிவிட்டேன், அதையும் சேர்த்தே சொல்கிறேன்.

எம்ப்ராய்டரி போடுகிறவர்கள் தண்ணீரில் கரையும் ஷீட் ஒன்று வைத்திருப்பார்கள், மெல்லிய பிளாஸ்டிக் தாள் போல இருக்கும். அதை விரித்து, நூலைப் பிய்த்துப் பரப்பி, மேலே இன்னொரு ஷீட்டால் மூடித் தைக்க வேண்டும். அப்புறம் தண்ணீரில் அலசினால் ஷீட் கரைந்துவிடும், நூல் மட்டும் வலை போல நிற்கும். நான் அவசரத்தில் 2 அங்குலத்துக்கு ஒரு கோடு, அதுவும் ஒரே வாட்டத்தில் அடித்துவிட்டு அலசினேன். அத்தனை பிசிறும் வழுக்கிக்கொண்டு போய் சிங்க்கின் சல்லடையில் உட்கார்ந்துகொண்டது. கையில் மிஞ்சியது தையல் கோடுகள்தான், அவையும் ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டு.

பிசிறைப் பிடித்து வைப்பது தையல் மட்டும்தான் என்பது அப்போதுதான் மண்டையில் ஏறியது. அடுத்த தடவை அரை அங்குலக் கட்டங்களாகக் குறுக்கும் நெடுக்கும் போட்டேன், அதற்கு மேல் வளைவு வளைவாக இன்னொரு சுற்று. ஒரு இழைகூட நகரவில்லை. முழுவதும் அலசாமல், ஷீட் கரைந்த பசையைக் கொஞ்சம் நூலிலேயே விட்டுவிட்டேன். காய்ந்ததும் விறைப்பாக நின்றது, சுவரில் மாட்ட அதுவே வசதி.

இந்த நூல் வலையை வைத்துத் தைக்கும் அடித்தளத்துக்குத் துண்டுத் துணிகளை இணைத்து, நடுவில் பேட்டிங் (மெத்தென்று இருக்கும் பஞ்சு விரிப்பு), பின்னால் ஒரு பழைய பருத்தித் துணி. தைக்கத் தைக்கத் துணி உள்ளே இழுத்துக்கொள்ளும் என்பதால் பேட்டிங்கையும் பின்துணியையும் நான்கு பக்கமும் 2 அங்குலம் கூடுதலாக விட்டு, கடைசியில்தான் ஓரம் வெட்டினேன். துணியை நகர்த்தும் மெஷினின் பல்லை இறக்கிவிட்டுக் கையாலேயே துணியை நகர்த்தித் தைக்கும்போது நூல் அறுந்துகொண்டே இருந்தது. 75/11 ஊசியை மாற்றி, அதைவிடத் தடிமனான 90/14 ஊசி போட்டதும் நூல் அறுவது நின்றது. அடியில் நூல் கொத்துக் கொத்தாகச் சேர்ந்ததற்குக் காரணம் வேறு: துணியை அழுத்திப் பிடிக்கும் ஃபுட்டை இறக்க மறந்திருக்கிறேன்! இந்த வேலைக்கான ஃபுட் துணியிலிருந்து கொஞ்சம் தூக்கியே நிற்பதால் கண்ணுக்குத் தெரியவே இல்லை.

நிறத்திலும் ஏமாந்தேன். ஊதாவும் பச்சையும் பளிச்சென்று பிரிந்து தெரியும் என்று நினைத்தேன். தூரத்திலிருந்து பார்த்தால் ஒரே சேறு. போனில் கறுப்பு வெள்ளையில் படம் எடுத்தபோது இரண்டும் ஒரே அடர்த்தியில் இருந்தது புரிந்தது. இப்போது தைப்பதற்கு முன்பே அந்தப் படத்தை எடுத்துவிடுகிறேன்.

*

அக்கா, நான் ஷீட் வாங்காமல் பிசிறின் மேல் கறுப்பு நெட் துணி போட்டு மூடித் தைத்தேன். வெள்ளை நெட் மேலே புகை படிந்தது போலக் காட்டும், கறுப்பு கண்ணுக்கே தெரியாது. ஆனால் சூடான இஸ்திரிப் பெட்டியை நேராக வைத்துத் தொலைத்தேன். நைலான் இல்லையா, ஒரு நொடியில் உருகி ஓட்டை. அந்த இடத்தில் வெள்ளைத் துணியை வட்டமாக வெட்டித் தைத்து மறைத்தேன். பார்க்கிறவர்கள் நிலா என்கிறார்கள், நானும் ஆமாம் என்று சொல்லிவிடுகிறேன்.

*

மாட்டுவதைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. நான் இரண்டு மூலையிலும் ஆணி அடித்து மாட்டினேன், ஒரு மாதத்தில் நடுவில் தொய்ந்துவிட்டது. இப்போது பின்பக்கம் மேல் மூலை இரண்டிலும் முக்கோணப் பை தைத்து, அதற்குள் ஒரு குச்சியைச் செருகிவிடுகிறேன். நடுவில் ஒரே ஆணி, குச்சி அதில் தொங்கும். பெரிய படம் என்றால் அகலம் முழுக்க 4 அங்குலத்தில் குழாய் போலத் துணி தைத்துவிடுங்கள். அப்புறம், வெயில் விழும் சுவர் வேண்டவே வேண்டாம். என் சிவப்பு இப்போது ரோஸ்.

*

ஜாடியில் சிவப்பு நூல் இருந்தால் முதலில் ஈரமான வெள்ளைத் துணியில் அழுத்திப் பாருங்கள் அக்கா. எனக்கு அலசும்போது சாயம் இறங்கி, வெள்ளைப் பிசிறெல்லாம் திட்டுத் திட்டாகிவிட்டது.

*

ஐயோ, என் ஜாடியில் பாதி சிவப்புதான். இன்றைக்கே கொட்டிப் பிரிக்கிறேன்.