கொல்லைக்கு வரும் ஆமையை இருட்டில் படம் எடுப்பது எப்படி?

மாதவரத்தில், ரெட்டேரிக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. கிணற்றடி வாழைக்குக் கீழே போன வருடம் ஒரு பாலாமை குழி தோண்டி முட்டை போட்டது. இந்த வாரம் மூன்று நாளாக, மாலை ஆறே காலுக்கு மேல் வந்து அதே இடத்தைக் கிளறிப் பார்த்துவிட்டுப் போகிறது. அதே ஆமையா தெரியாது. அம்மா அதேதான் என்று சத்தியம் செய்கிறார்.

ஒரு படம்கூட உருப்படியாக இல்லை. கேமரா கேனான் 1500டி, லென்ஸ் 55-250 எம்எம் ஜூம். முழு ஜூமில் லென்ஸின் துளை எஃப் 5.6-க்கு மேல் திறக்காது, வெளிச்சம் போதாமல் ஷட்டர் 1/15 நொடிக்கு இறங்கிவிடுகிறது. ஒளி உணர்திறனை, அதாவது ஐஎஸ்ஓவை, 6400 வைத்தால் ஓடு முழுக்க மணல் கொட்டியதுபோல் புள்ளிகள். டிரைபாடும் உதவவில்லை, தோண்டும் கால் அசைந்துகொண்டே இருக்கிறது. பத்தடிக்குள் போனால் தலையை இழுத்துக்கொள்கிறது. டார்ச்சில் சிவப்புத் தாள் ஒட்டி அடித்தேன். தோண்டுவதை விட்டுவிட்டுப் போயே போய்விட்டது. அதோடு சரி, இனி வெளிச்சமே கிடையாது. வனவிலங்குச் சட்டத்தில் முதல் அட்டவணையில் இருக்கும் உயிர், அதனால் பிடித்து வைத்து எடுக்கச் சொல்லாதீர்கள்.

இன்னும் அகலமாகத் திறக்கும் 50 எம்எம் எஃப் 1.8 லென்ஸை வாடகைக்கு எடுத்து, ஆமை வருமுன்பே கேமராவைத் தரையில் வைத்துவிட்டு, சமையலறை ஜன்னலில் இருந்து போன் வழியாக க்ளிக் செய்தால் சரிவருமா, இல்லை ஷட்டர் சத்தத்துக்கே ஓடிவிடுமா?