சாலைக்குத் திரும்பிய பின்பும் வண்டி 2H (பின் சக்கரங்கள் மட்டும் இழுக்கும்) நிலைக்கு மாற மறுக்கிறது: உதவி தேவை

கேள்வி:
நண்பர்கள் ஐந்து பேர் ஒரே வண்டியில் மூன்று நாள் பயணமாக வந்து, இப்போது காட்டோரம் கூடாரம் அடித்துத் தங்கியிருக்கிறோம். முதல் நாள் மணற்பாதைக்காக நான்கு டயர்களிலும் காற்றை 32 பி.எஸ்.ஐ.யிலிருந்து 20க்குக் குறைத்து, லீவரை 4H (நான்கு சக்கரங்களும் இழுக்கும்) நிலைக்கு மாற்றி ஓட்டினேன். இன்று கற்பாதையில் முன் இடது டயரின் பக்கவாட்டுச் சுவர் கிழிந்துவிட்டதால் ஸ்டெப்னியை மாட்டினோம். முன் டயர்களுக்கு 32 வரை காற்றடித்ததும் பம்பு சூடேறி நின்றுவிட்டது. பின் டயர்கள் இன்னும் 20இலேயே இருக்கின்றன. அடுத்த மணல் திட்டு அருகில்தான் இருக்கும் என்று நினைத்து, 9 கி.மீ. தார்ச்சாலையையும் 4H நிலையிலேயே கடந்தேன்.

முகாமுக்குள் திரும்பும்போது ஸ்டீயரிங் கல்லாய் இறுகிவிட்டது. முன் டயர்கள் தத்தித் தத்தி உரசின. இப்போது லீவர் அசையவே இல்லை, 4H நிலையைக் காட்டும் விளக்கும் அணையவில்லை. மண்வெட்டிப் பிடியால் லீவரைத் தட்டிப் பார்க்கலாம் என்கிறார் ஒரு நண்பர். எனக்கு மனம் ஒப்பவில்லை. நாளை 140 கி.மீ. தார்ச்சாலையில் செல்ல வேண்டும். உள்ளே ஏதேனும் உடைந்திருக்குமா?

மறுமொழி 1:
தயவுசெய்து தட்ட வேண்டாம். தட்டினால் கியர் ஃபோர்க் (உள்ளே கியரை நகர்த்தும் கவை) வளையும். அதன் பிறகுதான் உண்மையான பழுது தொடங்கும். நீங்கள் சொல்லும் அறிகுறிகளை வைத்துப் பார்த்தால், உள்ளே எதுவும் உடைந்ததாகத் தெரியவில்லை, முறுக்கேறி நிற்கிறது. வளைவில் முன் சக்கரங்கள் பின் சக்கரங்களை விட நீண்ட வட்டத்தில் செல்கின்றன. நடுவில் டிஃபரன்ஷியல் (இரு பக்கங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுழலவிடும் பற்சக்கர அமைப்பு) இல்லாத வண்டியில் 4H நிலை, இழுவையைக் கொண்டுசெல்லும் முன், பின் ஷாஃப்டுகள் இரண்டையும் ஒரே வேகத்தில் பூட்டிவிடுவதால், அந்த வேறுபாட்டுக்குப் போக்கிடம் இருக்காது. மணலில் டயர் சற்று வழுக்கி அதை விட்டுவிடும். தார்ச்சாலையில் டயர் பிடித்துக்கொள்வதால் அவ்வளவும் ஷாஃப்டில் முறுக்காகத் தேங்கி, கியரின் பற்களை நெருக்கிப் பிடிக்கும். ஸ்டீயரிங்கை நேராக வைத்து, லீவரில் இலேசாகக் கை வைத்தபடி 20 மீட்டர் பின்னோக்கிச் செல்லுங்கள். ஸ்டெப்னி புதியதா, பழையதா என்பதையும் சொல்லுங்கள்.

கேட்டவர்:
மிக்க நன்றி ஐயா. இது நடு டிஃபரன்ஷியல் இல்லாத, கையால் கியர் மாற்றும் வண்டிதான். கெட்டித் தரையில் 15 மீட்டர் பின்னால் வந்தும் லீவர் விடவில்லை. ஸ்டெப்னி இதுவரை தரையைத் தொடாதது. டயரின் பள்ளத்தில் குச்சியைச் செருகி, நகத்தால் அடையாளம் வைத்து அளந்தேன்: ஸ்டெப்னியில் 9 மி.மீ., மற்ற மூன்றிலும் 4 மி.மீ.

மறுமொழி 2:
வளைவுகளை விட உங்கள் ஸ்டெப்னிதான் பெரிய காரணம் என்று கருதுகிறேன். ஆரத்தில் 5 மி.மீ. கூடினால் சுற்றளவில் ஏறத்தாழ 31 மி.மீ. கூடும். முன் டிஃபரன்ஷியல் அதை இரண்டு சக்கரங்களுக்கும் பகிர்வதால், ஒவ்வொரு சுற்றுக்கும் ஏறத்தாழ 15 மி.மீ. வேறுபாடு ஷாஃப்டில் சேரும். கிலோமீட்டருக்குச் சுமார் 400 சுற்று என்று வைத்தால், 9 கி.மீ.க்கு 50 மீட்டருக்கும் மேல் வரும். நேர்ச்சாலையில்கூட டயர்கள் அவ்வளவு தூரத்தையும் உரசியே தீர்க்க வேண்டியிருந்திருக்கும். காற்றுக் குறைந்த பின் டயர்களும் இந்த வேறுபாட்டைக் கூட்டியிருக்கும்.

சரளையோ மணலோ உள்ள இடத்துக்கு மெல்ல ஓட்டிச் சென்று, ஸ்டீயரிங்கை இலேசாக இடமும் வலமும் திருப்பியபடி சில முறை முன்னும் பின்னும் செல்லுங்கள். அதற்கும் மசியாவிட்டால், சமதரையில் கைபிரேக் போட்டு, மற்ற சக்கரங்களுக்குக் கல் அண்டை கொடுத்து, முன் சக்கரம் ஒன்றை ஜாக்கியால் தூக்குங்கள். தரையை விட்டு எழும் கணத்தில் அது சட்டென்று சுழலும் என்பதால் எவர் கையும் அருகில் இருக்கக் கூடாது; வண்டிக்கு அடியிலும் எவரும் போகக் கூடாது.

ஸ்டெப்னியைப் பின்னால் மாற்றச் சிலர் சொல்வார்கள். 2H நிலையில் முன் சக்கரங்களுக்கு இஞ்சினின் இழுவை போகாது. ஆகவே அது முன்னாலேயே இருக்கட்டும். பின்னால் மாட்டினால் பின் டிஃபரன்ஷியல் 140 கி.மீ.யும் ஓயாமல் வேலை செய்ய நேரிடும்.

கேட்டவர்:
விடுபட்டது! ஓடையோரச் சரளையில் மூன்றாம் முறை பின்னால் வந்தபோது அடியில் ‘டக்’ என்று ஒரு சத்தம் கேட்டது; லீவர் இரண்டு விரல்களுக்கே நகர்ந்தது, சில மீட்டர் சென்றதும் விளக்கும் அணைந்தது. ஜாக்கிக்கு வேலை இல்லாமல் போயிற்று. பம்பு ஆறிவிட்டதால் பின் டயர்களுக்கும் இப்போது காற்றடித்துக்கொண்டிருக்கிறோம். ஊர் திரும்பியதும் டிரான்ஸ்ஃபர் கேஸ் (இழுவையை முன்னுக்கும் பின்னுக்கும் பகிரும் கியர் பெட்டி) ஆயிலை மாற்றலாமா?

மறுமொழி 1:
மாற்றுங்கள். வடிக்கும் ஆயிலை வெள்ளைத் துணியில் ஊற்றிப் பாருங்கள்: மையைப் போன்ற நுண்துகள் மட்டும் இருந்தால் கவலை இல்லை, விரலில் நெருடும் உலோகச் சில்லுகள் இருந்தால் பெட்டியைத் திறந்து பார்த்துவிட வேண்டும். நான்கு டயர்களின் தேய்மானமும் ஒன்றுபோல் ஆகும் வரை, தார்ச்சாலையில் 4H பக்கம் லீவரைக் கொண்டுபோகாதீர்கள்.