பேனர், ஸ்டிக்கர் வேலையில் குரூப்: கோரல்டிராவில் எங்கே பிசகுகிறது?

மஞ்சக்குப்பம், கடலூர் (பேனர் டிசைன்)

தேவனாம்பட்டினம் மாசி மகத் தீர்த்தவாரி பேனர் என்றால் நடுவில் சாமி, கீழே வரிசையாக உபயதாரர் படங்கள். கோரல்டிரா என்ற டிசைன் மென்பொருளில் படம், சட்டம், பெயர் மூன்றையும் சேர்த்து ஆளுக்கொரு குரூப் போட்டுவிடுங்கள் (பல பொருள்களை ஒரே கட்டாகச் சேர்ப்பது, கன்ட்ரோல் ஜி). இல்லையென்றால் படத்தை நகர்த்தும்போது பெயர் பழைய இடத்திலேயே நிற்கும். ஒருவர் முகத்துக்குக் கீழே அடுத்தவர் பெயர் அச்சாகிவிட்டால் ஃப்ளெக்ஸும் வீண், ஊரில் மனக்கசப்பும் மிச்சம்.

வரிசைப்படுத்தும்போது நிறைய பேர் 'பி' அழுத்தி அடிவிளிம்பைச் சேர்க்கிறார்கள். அது தப்பு. பட்டம், பதவியோடு ஒரு பெயர் இரண்டு வரி போனால் அந்தக் குரூப்பின் உயரம் கூடும். அடி ஒன்றாகும், அந்த முகம் மட்டும் மேலே ஏறிவிடும். 'டி' அழுத்தி மேல்விளிம்பைச் சேர்த்தால் முகங்கள் நேராக நிற்கும். ஷிஃப்ட் பிடித்து ஒவ்வொன்றாகத் தொட்டால் கடைசியாகத் தொட்டதுதான் அளவுகோல், அது அசையாது.

இடைவெளியிலும் இதே கதைதான். நீளமான பெயர் குரூப்பை அகலமாக்கும், 'இடைவெளி சமம்' கொடுத்தால் முகங்களுக்கு நடுவே கூடக்குறைய வரும். பெயர் படத்துக்கு நேர் நடுவில் இருந்தால் 'மையங்கள் சமம்' கொடுங்கள். ஒரு பெயரை மட்டும் திருத்த குரூப்பைக் கலைக்க வேண்டாம், கன்ட்ரோல் பிடித்துச் சொடுக்கினால் போதும்.

புதுச்சேரி (ஸ்டிக்கர் கட்டிங்)

குரூப்பையும் கம்பைனையும் (கன்ட்ரோல் எல்) ஒன்றாக நினைப்பவர்கள் அதிகம். குரூப்பில் பொருள்கள் தனித்தனியாகவே இருக்கும். கம்பைன் எல்லாவற்றையும் ஒரே வளைவாக்கும். ஒன்றன்மேல் ஒன்று படியும் இடம் ஓட்டையாகிவிடும்.

எழுத்தை வளைவாக்கி (கன்ட்ரோல் கியூ) கன்ட்ரோல் கே அடித்துத் துண்டுகளாகப் பிரித்தால் 'ம'வின் உள்கட்டம் தனித் துண்டாகி அடைத்துக்கொள்ளும். வெளிக்கோடு, உள்துண்டு இரண்டையும் பிடித்து கன்ட்ரோல் எல் கொடுத்தால் ஓட்டை திரும்பிவிடும். புள்ளியும் தனியாகக் கழன்று நிற்கும். 'க்' நகரும், புள்ளி நகராது. பிரெஞ்சு வரியும் உள்ள கடைப்பலகையில் எழுத்தின் தலைக்கு மேல் வரும் சாய்கோட்டுக்கும் இதே கதி. அதனால் பிரித்த கையோடு சொல்லுக்குச் சொல் குரூப் போடுங்கள். கொக்கி எழுத்தின் மேல் படிந்திருந்தால் அங்கே கம்பைன் கூடாது, வெல்டுதான் (படியும் வடிவங்களை ஒரே வெளிக்கோடாக ஒட்டுவது). இல்லையென்றால் பிளேடு எழுத்துக்குள்ளேயே குறுக்கே வெட்டும்.

திருப்பாதிரிப்புலியூர்

இங்க்ஸ்கேப் என்ற இன்னொரு டிசைன் மென்பொருளில் செய்பவர்களுக்கு ஒன்று. அடுக்கில் அடியில் ஒன்றும் மேலே ஒன்றுமாக இருப்பவற்றைக் குரூப் போட்டால் மொத்தமும் மேலே இருப்பதன் இடத்துக்கு வந்துவிடும், நடுவில் இருந்த எழுத்து மறையும். அழிந்துவிடவில்லை, அதைப் பிடித்து பேஜ் அப் அழுத்துங்கள்.

கோரலில் பெரிய பேனரை விசிட்டிங் கார்டு அளவுக்குச் சுருக்கும்முன் எஃப் 12 அழுத்தினால் வரும் கோட்டு அமைப்புப் பெட்டியில் 'ஸ்கேல் வித் ஆப்ஜெக்ட்' (பொருளோடு கோடும் சுருங்குவது) டிக் பாருங்கள். டிக் இல்லாத பொருளின் கோடு பழைய தடிமனிலேயே நின்று எழுத்தை விழுங்கிவிடும்.